வீட்டிலேயே ஆங்கிலம் பேசிப் பழகுவோம்

(பாரோய் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் பேச எழும் ஆசிரியர் "நன்றாகப் படியுங்கள்" என்று சொல்லி அமர்வது வழக்கம். நான் "சத்தமாகப் பேசுங்கள்" என்று சொல்ல வந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் பேசுங்கள், அதுவும் உங்கள் வீட்டில், ஒருவர் துணையுமின்றிப் பேசுங்கள். இதென்ன வேடிக்கை, தனியாகப் பேசினால் ஊர் சிரிக்காதா என்று கேட்பீர்கள். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டுப் பதிவு நாளில் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சார், தமிழ்ப்பள்ளியில போட்டா புள்ளைக்கு இங்கிலீஷ் வருமா?" இந்தக் கேள்வியில் நம் பள்ளியின் எதிர்காலமே அடங்கியிருக்கிறது. வராது என்று எண்ணுகிற பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்குக் கொண்டு போகிறார்கள். பாரோயைச் சுற்றித் தோட்டங்கள் தாமான்களாக மாறிவிட்ட இக்காலத்தில், போகிற ஒவ்வொரு பிள்ளையும் நமக்குப் பெரிய கணக்குத்தான். ஆகவே இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

முதலில் ஒரு சிறிய கணக்குப் போடுவோம். பாடவேளை ஒன்று 30 நிமிடம். வகுப்பில் 30 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் வாயே திறக்காமல் நின்றால்கூடப் பிள்ளைக்கு ஒரு நிமிடம்தான் பேசக் கிடைக்கும். ஆசிரியர் விளக்கம் சொல்லி, பலகையில் எழுதி, அடங்காதவனை அடக்கி முடித்தால் அந்த ஒரு நிமிடமும் அரை நிமிடமாகிவிடும். இது தமிழ்ப்பள்ளிக்கு மட்டும் உள்ள குறையன்று. எந்தப் பள்ளியிலும் இதே கணக்குத்தான். ஆனால் வீட்டில் நாளுக்குப் பத்து நிமிடம் வாய்விட்டுப் பேசும் பிள்ளை மாதத்துக்கு 300 நிமிடம் பேசிவிடுகிறது. எந்தப் பள்ளிக்கூடமும் கொடுக்க முடியாத நேரம் இது.

முற்காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. அப்போது சிரம்பானில் செயின்ட் பால்ஸ், கிங் ஜார்ஜ் போன்ற பள்ளிகள் ஆங்கிலத்தில் பாடம் நடத்தின. தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்துவிட்டு, பிறகு காலை முதல் மதியம் வரை ஆங்கிலமே கேட்டு வளர்ந்தது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கொரு வகுப்பாகத் தேசியமொழிக்கு மாறத் தொடங்கின. 1980களின் தொடக்கத்தில் இடைநிலைப்பள்ளிகளும் மாறிவிட்டன. நாட்டுக்கு ஒரு பொதுமொழி வேண்டும், அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதன்பின் ஆங்கிலம் பெரும்பாலும் ஒரு பாடமாகவே ஆயிற்று. பட்டணத்து வசதிக்காரர் வீட்டில் அம்மாவும் அப்பாவும் ஆங்கிலம் பேசுவார்கள். நம் வீட்டில் தமிழ், கடையிலும் கம்பத்திலும் மலாய். ஆங்கிலத்துக்கு இடம் எங்கே? அந்த இடத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதனால் வரும் இழப்பைப் பிள்ளைகள் பத்து ஆண்டு கழித்துத்தான் உணர்கிறார்கள். 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் பேசுவதற்கென்றே தனித்தாள் இருக்கிறது. பல்கலைக்கழகம் போக எழுதும் மூயெட் தேர்விலும் பேச்சுத் தேர்வு உண்டு. செனவாங் தொழிற்சாலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனால், "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்பார்கள். கையில் நல்ல சான்றிதழ் இருக்கும். எழுதச் சொன்னால் பிழையில்லாமல் எழுதுவான். வாய் மட்டும் திறக்காது. அறிவில்லாமலா? இல்லை. வாய்க்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். மொழி நாப்பழக்கம் என்று நம் முன்னோர் கண்டு வைத்தார்கள். பால்மரம் சீவுவதைப் புத்தகம் படித்து யாராவது கற்றதுண்டா? கத்தியைப் பிடித்துக் கை பழகினால்தானே மரம் காயப்படாமல் பால் இறங்கும்? நாக்கும் அப்படியே.

"தமிழ் படிப்பதால்தான் ஆங்கிலம் வரவில்லை" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதை நான் அடியோடு மறுக்கிறேன். பாருங்கள், காலத்தைக் காட்டும் நுட்பம் தமிழில் எவ்வளவு இருக்கிறது! தட்டு கழுவும் பிள்ளை "கழுவிக்கொண்டிருக்கிறேன்" என்கிறது. ஆங்கிலத்தில் அது "ஐ ஆம் வாஷிங்". முடித்ததும் "கழுவிவிட்டேன்" என்கிறது. அது "ஐ ஹேவ் வாஷ்ட்". மறுநாள் "நேற்றுக் கழுவினேன்" என்கிறது. அது "ஐ வாஷ்ட் யெஸ்டர்டே". மலாய் மொழியில் வினைச்சொல் காலத்துக்காக உருமாறுவதில்லை. "செமாலாம் சாயா பெர்கி பாசார்" என்றால் போதும்; நேற்று என்ற சொல்லே காலத்தைக் காட்டிவிடும். அந்தப் பழக்கத்தில்தான் நம் பிள்ளை "யெஸ்டர்டே ஐ கோ" என்று சொல்லிவிடுகிறது. அங்கே தமிழை நினைத்துக்கொண்டால் போதும்: "நேற்றுப் போகிறேன்" என்று எந்தத் தமிழ்ப்பிள்ளையாவது சொல்லுமா?

சொற்களின் வரிசைக்கோ மலாய் துணை செய்கிறது. "நான் சோறு சாப்பிடுகிறேன்" என்று தமிழில் வினை கடைசியில் வரும். "சாயா மாக்கான் நாசி" என்று மலாயில் நடுவில் வரும். "ஐ ஈட் ரைஸ்" என்று ஆங்கிலத்திலும் நடுவில்தான் வருகிறது. ஆக, காலத்துக்குத் தமிழ், வரிசைக்கு மலாய் என்று இரண்டு துணைகள் நம் பிள்ளைக்கு வீட்டு வாசலிலேயே நிற்கின்றன. இரு மொழி தெரிந்த பிள்ளைக்கு மூன்றாவது மொழி சுமையல்ல.

சரி, வீட்டில் எப்படிப் பழகுவது? பணச் செலவில்லாத வழிகளையே சொல்கிறேன்.

முதலாவது, வாய்விட்டுப் படித்தல். பள்ளி ஆங்கிலப் பாடநூலையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்து நின்று, வாசலில் இருப்பவருக்குக் கேட்கும்படி ஒரு பக்கம் படியுங்கள். அதே பக்கத்தை மூன்று நாள் படியுங்கள். முதல் நாள் தடுக்கும், மூன்றாம் நாள் ஓடும். ஒரு வேண்டுகோள்: ஆங்கிலச் சொல்லின் மேல் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்காதீர்கள். "கோட்" என்று எழுதினால் அது போட்டுக்கொள்ளும் கோட்டா, புல் தின்னும் ஆடா? "பெட்" என்று எழுதினால் படுக்கையா, பந்தயமா, வளர்க்கும் பிராணியா? "பேன்" என்று எழுதினால் மேலே சுற்றுவதா, அடுப்பில் வைப்பதா? தமிழ் எழுத்து தமிழுக்கு மிகப் பொருத்தமானது. ஆங்கில ஒலிக்கு அது அளவெடுத்த சட்டையல்ல. மலாய் படிப்பதுபோல் எழுத்துக்கு எழுத்து ஒலித்துப் படிப்பதும் ஆங்கிலத்தில் செல்லாது. மலாயில் பி-ஏ-எஸ் என்று எழுதும் பஸ்ஸை ஆங்கிலத்தில் பி-யு-எஸ் என்றல்லவா எழுதுகிறார்கள்!

இரண்டாவது, ஒலிப் பயிற்சி. இதற்கு வேண்டியது ஒரு துண்டுக் காகிதமும் ஒரு கண்ணாடியும். காகிதத்தை உதட்டுக்கு முன் பிடித்துக்கொண்டு, பன்றிக்கான "பிக்" என்ற சொல்லைச் சொல்லுங்கள். காகிதம் ஆட வேண்டும். பெரியது என்ற பொருளுள்ள "பிக்" சொல்லும்போது அது ஆடக்கூடாது. தமிழில் நாம் காற்றை அப்படித் தள்ளுவதில்லை. அதனால்தான் நாம் சொல்லும் முதல் சொல் வெள்ளைக்காரர் காதில் இரண்டாவதுபோல் விழுகிறது. காற்றாடிக்கான "ஃபேன்" சொல்லும்போது மேற்பல் கீழுதட்டைத் தொடுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். "வெரி" என்பதற்கும் அப்படியே பல் தொட வேண்டும். "வாட்டர்" என்பதற்கு உதடு குவிய வேண்டும். தொண்டையில் விரலை வைத்து வண்டுபோல் ரீங்காரம் செய்தால் மிருகக்காட்சி சாலைக்கான "ஸூ" சரியாக வரும். இன்னும் ஒன்று: சொல்லின் தலையிலும் வாலிலும் நாம் உயிரெழுத்தைச் சேர்த்துவிடுகிறோம். "இஸ்கூலு" வேண்டாம், "ஸ்கூல்" போதும். "பஸ்ஸு" வேண்டாம், "பஸ்" போதும்.

மூன்றாவது, செய்யும் வேலையைச் சொல்லுதல். சற்றுமுன் தட்டு கழுவிய கதையைச் சொன்னேனே, அதேதான். கூட்டும்போது, துணி மடிக்கும்போது, செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது, என்ன செய்கிறேன், என்ன செய்துவிட்டேன், நாளை என்ன செய்வேன் என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். சொல் தெரியாவிட்டால் நிற்க வேண்டாம். அந்த இடத்தில் தமிழ்ச்சொல்லையே போட்டுவிட்டு மேலே போங்கள். பிறகு அகராதியில் பார்த்து மறுநாள் சரியான சொல்லைப் போடுங்கள்.

நான்காவது, இரண்டு வேடம் போடுதல். கிளினிக் கவுண்டரில் இருப்பவரும் நீங்களே, நோயாளியும் நீங்களே. "வாட் இஸ் த மேட்டர்?" என்று இந்தப் பக்கம் நின்று கேளுங்கள், "மை மதர் ஹேஸ் ஃபீவர்" என்று அந்தப் பக்கம் போய்ப் பதில் சொல்லுங்கள். வங்கி, அஞ்சல் நிலையம், நேர்முகத் தேர்வு என்று நாளுக்கொரு நாடகம் போடலாம். தம்பி தங்கை இருந்தால் ஆள் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, கேட்டுச் சொல்லுதல். ஆர்.டி.எம். ஆங்கில வானொலியான டிராக்ஸ் எஃப்.எம்.மில் செய்தி வாசிக்கும்போது, வாசிப்பவரின் பின்னாலேயே முணுமுணுத்துக்கொண்டு போங்கள். பொருள் முழுதும் விளங்காவிட்டாலும் எந்தச் சொல்லில் குரல் ஏறுகிறது, எங்கே மூச்சு விடுகிறார் என்பது பிடிபடும். பிறகு உங்கள் பேச்சைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். நம் பிழை நமக்கே கேட்கும்.

தனிப் பயிற்சியில் ஓர் ஆபத்தும் உண்டு. தவற்றையே திரும்பத் திரும்பச் சொன்னால் தவறே படிந்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறை அந்தப் பதிவை ஆசிரியரிடமோ, இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அண்ணன் அக்காவிடமோ போட்டுக் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். வீட்டுப் பயிற்சி உரையாடலுக்கு ஈடாகாது. உரையாட வாய்ப்பு வரும் நாளில் வாயடைத்து நிற்காமல் காக்கும்.

இனி அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். "அடேங்கப்பா, தொரை வூட்டுப் புள்ளை பேசுது!" என்று நம்மவர்களே கேலி செய்வதுண்டு. ஒரு சொல்லில் வாய் மூடிக்கொண்ட பிள்ளை பல ஆண்டு திறப்பதில்லை. அதனால்தான் வீட்டில் தொடங்குங்கள் என்கிறேன். வீட்டுச் சுவர் சிரிக்காது. பெற்றோர்களே, நீங்களும் சிரிக்காதீர்கள். "எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே சார், நாங்க என்னா செய்யறது?" என்கிறீர்கள். தெரியவே வேண்டாம். இரவு பத்து நிமிடம் தொலைக்காட்சியை மூடுங்கள். எதிரில் உட்கார்ந்து, "இன்னிக்கிப் படிச்சதைச் சத்தமா சொல்லு ஐயா" என்று கேளுங்கள். தடுக்கிப் படிக்கிறதா, ஓடிப் படிக்கிறதா, குரல் எழும்புகிறதா என்பது எந்தத் தாய்க்கும் தெரியும். கேட்க ஒரு காது இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளை பேசும்.

இறுதியாக ஒருவரை நினைவுகூர விரும்புகிறேன். 1869இல் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். வீட்டில் தமிழ்; பள்ளியும் கல்லூரியும் கும்பகோணத்திலேயே; பிறகு நம்மைப்போல் பள்ளி ஆசிரியர், சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியர். பிற்காலத்தில் அவருடைய ஆங்கிலப் பேச்சைக் கேட்ட ஆங்கிலேயர்களே அவரை வெள்ளி நாக்குப் படைத்தவர் என்று போற்றினார்கள். அந்தச் சாஸ்திரியார்தான் 1936இன் இறுதியில், தோட்டங்களில் இந்தியத் தொழிலாளரின் நிலையை ஆராய இந்திய அரசாங்கத்தின் சார்பில் மலாயாவுக்கு வந்தார்; 1937இல் ஆங்கிலத்தில் அறிக்கை தந்தார். அந்தக் காலத்தில் நம் பாட்டன் பாட்டிகளின் கூலியும் குடியிருப்பும் பற்றி ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. இன்று அந்தத் தோட்டத்தார் பேரப்பிள்ளைகள் நம் முன்னே அமர்ந்திருக்கிறார்கள். தங்கள் காரியத்தைத் தாங்களே, தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எடுத்துச் சொல்லும் வாய் இவர்களுக்கு வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பத்து நிமிடம்.

மாணவச் செல்வங்களே, பரிசுப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் அடுக்கிவிடாதீர்கள். இன்றிரவே முதல் பக்கத்தைத் திறந்து, எழுந்து நின்று, அப்பா அம்மா கேட்கும்படி வாய்விட்டுப் படியுங்கள்.