மெஷின் ஜீரோ காட்டுது, ஸ்டியரிங் ஆடுது

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னிக்கு கோடிங் கிடையாது, கார். ஆனா டீபக்கிங் உண்டு. என் வாழ்க்கையில நான் பண்ணதுலயே கேவலமான டீபக்கிங் இது. மூணு மாசம் ஆச்சு.

என்கிட்ட இருக்கறது ஒரு 2014 ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ., செகண்ட் ஹேண்ட். கம்பெனி குடுத்தது 14 இஞ்ச் ஸ்டீல் ரிம், 165/80 டயர். தீபாவளிக்கு திருப்பூரே போனஸ் வாங்கிட்டு கடைவீதியில நிக்கும்போது நமக்கும் கொஞ்சம் கைல வந்துச்சு. 15 இஞ்ச் அலாய் வாங்கிட்டேன், 185/65 டயரோட. கண்ணை மூடிட்டு வாங்கலைங்க. இது அதே காரோட டாப் மாடலுக்கு கம்பெனியே குடுக்கற சைஸ். ரெண்டு டயருக்கும் வெளி விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர், வித்தியாசம் ரெண்டு மில்லிமீட்டர்தான். எல்லாம் எக்ஸெல் ஷீட் போட்டுப் பார்த்தேன். அந்த ஷீட்ல இல்லாத ஒரு நம்பர்தான் என்னை அடிச்சுது, அதுக்கு அப்புறம் வரேன்.

மாட்டின மறுநாள் பெருமாநல்லூர் தாண்டி பைபாஸ்ல ஏறினேன். 70 வரைக்கும் வெண்ணெய் மாதிரி போச்சு. 85-ல ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிச்சுது. 95-ல டேஷ்போர்டு மேல இருந்த பிள்ளையார் ஆடறாரு. 110 தொட்டா கொஞ்சம் அடங்குது. இதோட, பிரேக் புடிச்சா பெடல் காலுக்கு அடியில துடிக்குது. மெதுவா போகும்போது முன்னாடி இடது பக்கம் 'டிக் டிக்'னு ஒரு சத்தம்.

அம்மா ஒரே தடவைதான் பின்சீட்ல உட்கார்ந்தாங்க. "இந்த வண்டியிலயா ஈரோடு போய் அவளைக் கூட்டிட்டு வரப் போற?" அக்காவுக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு முடிச்சு நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். அந்த வேலை என்னுது. அப்படித்தான் எனக்கு ஒரு டெட்லைன் வந்துச்சு.

நாலு தடவை டயர் கடைக்குப் போனேன், ரெண்டு வெவ்வேற கடை. ஒவ்வொரு தடவையும் வீலை பேலன்சிங் மெஷின்ல ஏத்துவாங்க, சுத்தும், ஈயக்கட்டி ஒட்டுவாங்க, மறுபடி சுத்தும், ஜீரோ காட்டும். "பாருங்க தம்பி, ஜீரோ." ரோட்டுக்கு வந்தா பிள்ளையார் மறுபடி ஆடுவாரு. ஒருத்தர் ரோடு சரியில்லைன்னாரு. ஆறு வழிச்சாலைங்க அது! இன்னொருத்தர் ரெண்டு டிஸ்க்கும் பெண்டு, மாத்தணும்னாரு. நானும் கிட்டத்தட்ட பணம் எடுத்துட்டேன்.

அப்பதான் மாமா வீட்டுக்கு வந்தாரு. இருபத்தஞ்சு வருஷமா நிட்டிங் மெஷின் ஃபிட்டர். கார் ஓட்டத் தெரியாது, டி.வி.எஸ். எக்ஸ்.எல். மட்டும்தான். அவர் கேட்ட கேள்வி: "மாப்ள, அந்த ஆட்டம் எத்தனை சுத்துக்கு ஒருக்கா வருது?"

வெளியூர்க்காரங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கணும். பனியன் துணி ஓட்டறது வட்டமான மெஷின், சிலிண்டர் சுத்திக்கிட்டே இருக்கும். ஒரு ஊசி கெட்டா துணியில மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே கோடு வரும், நீடில் லைன்னு சொல்லுவாங்க. ஒரு ஃபீடர்ல நூல் இழுவை தப்பா இருந்தா குறுக்கால பட்டை விழும், சரியா ஒரு சுத்துக்கு ஒரு தடவை. அனுபவம் உள்ளவங்க துணியைப் பார்த்தே மெஷின்ல எந்த இடம்னு கை வச்சுடுவாங்க. தப்பு எவ்வளவு பெருசுங்கறதை விட, எத்தனைக்கு ஒரு தடவை வருதுங்கறதுதான் துப்பு.

எனக்கு செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் ரெண்டு செமஸ்டர் படிச்சவன் நான்!

போன்லயே ஆக்சிலரோமீட்டர் இருக்கு. டேஷ்போர்டுல டேப் போட்டு ஒட்டி, நண்பனை பக்கத்துல உட்கார வச்சு, 90-ல ஓட்டி ரெக்கார்டு பண்ணேன். 13 ஹெர்ட்ஸ்ல ஒரே ஒரு பெரிய முள்ளு. கணக்கு போடுங்க: 90 கிலோமீட்டர்னா விநாடிக்கு 25 மீட்டர். டயர் சுற்றளவு 1.95 மீட்டர். விநாடிக்கு சுமார் 13 சுத்து. அப்போ ஆட்டம் வீலோட ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை வருது. இன்ஜின் 2,500 ஆர்.பி.எம்.ல இருந்தா விநாடிக்கு கிட்டத்தட்ட 42 சுத்து, அது இல்லை. இன்னொண்ணும் புரிஞ்சுது. சஸ்பென்ஷனோட சேர்ந்து வீல் துள்ளற இயல்பான வேகமே பொதுவா 10 முதல் 15 ஹெர்ட்ஸ். அதனாலதான் 85-95ல உச்சத்துக்குப் போய் 110-ல அடங்குது.

அடுத்து, ஒரு நேரத்துல ஒரு மாற்றம். முன்னாடி ரெண்டுக்கு மட்டும் பழைய ஸ்டீல் ரிம் மாட்டி அதே ரோட்டுல ஓட்டினேன். ஸ்டியரிங் அமைதி. அந்த அலாயை பின்னாடி போட்டா ஆட்டம் சீட்டுக்கு வந்துடுச்சு. அப்போ குற்றவாளி அலாய்தான், இல்லைன்னா அதை மாட்டின விதம்.

மாமா வெர்னியரை எடுத்தாரு. என் எக்ஸெல்ல இல்லாத நம்பர் இதுதான். ஸ்விஃப்ட் ஹப்போட நடு மேடு 54.1 மில்லிமீட்டர். ஸ்டீல் ரிம் ஓட்டை அதுல கச்சிதமா உட்காரும். என் அலாயோட நடு ஓட்டை 67.1. வெளியில விக்கற அலாய் பல கார்களுக்குப் பொருந்தணும்னு ஓட்டையைப் பெருசா விட்டிருப்பாங்க. நாலு நட்டு துளை 100 மில்லிமீட்டர் வட்டத்துல சரியா இருந்துச்சு, அதனால மாட்ட முடிஞ்சுது. ஆனா நடுவுல சுத்தியும் ஆறரை மில்லிமீட்டர் காலி. வீலை நடுவுல நிறுத்த வேண்டிய வேலை முழுக்க அந்த நாலு கூம்பு நட்டு தலைமேல.

இப்ப ஜீரோ கதைக்கு வாங்க. பேலன்சிங் மெஷின் வீலை நடு ஓட்டையில கூம்பு வச்சுப் புடிக்குது. என் கார் நட்டுல புடிக்குது. மெஷினுக்கு நடு ஒண்ணு, காருக்கு நடு வேற. நம்ம ஆபீஸ்ல 'என் மெஷின்ல ஓடுதே'ன்னு சொல்லுவோம்ல, அந்த டயர் கடைக்காரர் நாலு தடவையும் என்கிட்ட அதைத்தான் சொன்னாரு. பொய் சொல்லலை, அவர் மெஷின்ல நிஜமாவே ஓடுச்சு.

எவ்வளவு நகர்ந்தா ஆடும்? டயரோட சேர்த்து வீல் 15 கிலோன்னு வைங்க. அரை மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்தாலே, ரிம் ஓரத்துல சுமார் 40 கிராம் ஈயத்தை தப்பான இடத்துல ஒட்டினதுக்கு சமம். கடையில நம்ம முன்னாடி அஞ்சு கிராமுக்கு மெனக்கெடறாங்க.

தீர்வு ஒரு வளையம். வெளியில 67.1, உள்ள 54.1, ஹப் ரிங்னு கேட்டா கிடைக்கும், விலை பெருசில்லை. ஆனா மாமா ஒத்துக்கலை. "வளையம் வெயிட்டைத் தாங்கப் போறதில்லை மாப்ள, இறுக்கற வரைக்கும் நடுவுல நிறுத்தும், அவ்வளவுதான். இறுக்கறதை ஒழுங்கா இறுக்கோணும்." அவர் சொன்னதுதான் சரி. மாட்டினதுக்கு அப்புறம் வீலைத் தாங்கறது நட்டோட அழுத்தம். வண்டி ஜாக்கில இருக்கும்போது நாலையும் கையால உட்கார வச்சு, எதிரெதிரா மாத்தி மாத்தி இறுக்கணும். கடையில இம்பாக்ட் கன் வச்சு முதல் நட்டையே 'டர்ர்'னு முழுசா ஏத்திட்டா, அந்தப் பக்கமே வீல் சாய்ஞ்சு உட்கார்ந்துக்கும்.

அதைக் கழட்டும்போதுதான் எனக்கு வயித்தைக் கலக்கினது. முன் இடது வீல்ல ஒரு நட்டு சுத்தவே மாட்டேங்குது. ஏறி நின்னு கழட்டினோம். மரை இழுபட்டு ஸ்டட் மெலிஞ்சு போயிருந்துச்சு. நாலுல ஒண்ணு. அந்த வண்டியை 110-ல ஓட்டியிருக்கேன். ஸ்டட்டும் நட்டும் புதுசு போட்டோம், டார்க் ரெஞ்ச் ஒண்ணு வாங்கினேன். உங்க காருக்கு எவ்வளவு நியூட்டன் மீட்டர்னு மேனுவல்ல இருக்கும், அதைப் பாருங்க. யூடியூப் கமெண்டைப் பார்க்காதீங்க.

பிரேக்குக்கு வரேன். மாமா மில்லுலேர்ந்து டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் கொண்டு வந்திருந்தாரு, சிலிண்டர் ஆட்டம் பார்க்கறது. அதை டிஸ்க்ல வச்சு மெதுவா சுத்தினா முள்ளு 0.14 மில்லிமீட்டர் ஆடுது. பொதுவா கார் கம்பெனிகள் கேட்கறது 0.1-க்குள்ள. டிஸ்க்கைக் கழட்டிப் பார்த்தா ஹப் முகத்துல துரு மேடு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சோம், சுத்தமா துடைச்சு திரும்ப மாட்டினோம். 0.05. அதே டிஸ்க்தான். ரெண்டும் பெண்டுன்னு சொன்னாரே அந்த டிஸ்க். தாறுமாறா இறுக்கின நட்டும் டிஸ்க்கைக் கோணலாக்கும். கோணலா ஓடினா பேட் ஒரு இடத்துல அதிகமா தேய்க்கும், நாளாக நாளாக தடிமன் மாறும், பெடல் துடிக்கும்.

'டிக் டிக்' சத்தத்துக்கு எங்க அம்மாவோட சப்பாத்தி மாவு உதவுச்சு. காலிபர் மேல ஒரு சின்ன உருண்டை ஒட்டி, வீலை மாட்டி, கையால ஒரு சுத்து சுத்திக் கழட்டினா, மாவு காகிதம் மாதிரி தட்டையாகி அதுல ஈயக்கட்டியோட அச்சு. ஜீரோ வரணும்னு நாலு தடவை உள்பக்கம் ஒட்டிக்கிட்டே போன கட்டிங்க காலிபரை உரசிட்டு இருந்துச்சு. எல்லாத்தையும் சுரண்டி எடுத்து, புதுசா பேலன்ஸ் பண்ணி, கட்டியை வேற வரிசையில ஒட்டச் சொன்னேன்.

அலாய் வாங்கறவங்க இன்னொண்ணு பாருங்க: உள்பக்கம் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கா? வீல் ரிம்முக்கு 2020-லயே மத்திய அரசு தரக் கட்டுப்பாட்டு ஆணை போட்டாச்சு.

வளைகாப்புக்கு முதல் நாள் பெருமாநல்லூர்-செங்கப்பள்ளி ரோட்டுல போனை மறுபடி ஒட்டி ஓட்டினேன். 13 ஹெர்ட்ஸ்ல இருந்த முள்ளு மத்த இரைச்சலோட கலந்துடுச்சு. பிள்ளையார் அசையலை.

ஈரோடு போகும்போது பெருந்துறை கிட்ட ஒரு டீக்கடையில நிறுத்தி டார்க் ரெஞ்ச்சை எடுத்தேன். புதுசா மாட்டின வீலை முதல் 50, 100 கிலோமீட்டர்ல ஒரு தடவை சரிபார்க்கணும். பதினஞ்சு நட்டு அசையலை. அந்தப் புது ஸ்டட்ல இருந்தது மட்டும் ஒரு நூல் ஏறுச்சு. டீக்கடைக்காரர் பஞ்சரான்னு கேட்டாரு.

மறுநாள் காலைல ராத்திரி மழைக்கு அப்புறம் கிளம்பினோம். முதல் பிரேக்குல 'க்ர்ர்'னு ஒரு சத்தம். பின்சீட்லேர்ந்து அக்கா, "டேய், அம்மா சொன்ன சத்தம் இதுதானா?" இல்லை, இது டிஸ்க் மேல ராத்திரி படிஞ்ச மெல்லிசு துரு. நாலு பிரேக்குல போயிடும், எல்லா காருக்கும் வரும். நான் அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள சத்தம் நின்னுடுச்சு. பெருந்துறை வர்றதுக்கு முன்னாடியே அக்கா தூங்கிட்டா.