மருந்துச் சீட்டில் யாருடைய கையெழுத்து?

(அறந்தாங்கியில் இளைஞர்கள், வணிகர்கள் மத்தியில் ஆற்றிய உரை)



வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் தமிழகத்தில் பல இளைஞர்களைச் சீரழித்துவிட்டது. மானம் போய்விடும் என்று பெற்றோர் மறைக்கிறார்கள். அந்தப் பயத்தை மூலதனமாக்கிப் போலிகள் கடை விரிக்கிறார்கள்.

ஓபியம் வகைப் போதைக்கு முறையான மருந்து உண்டு. புப்ரெனார்பின் என்று பெயர். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. தவிப்பை அடக்கி, மனிதனை மீண்டும் தொழிலுக்கு அனுப்பும். ஆனால் அதுவும் ஓபியம் வகையே! மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் மூச்சையே நிறுத்திவிடும். அதனால்தான் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்திற்குள்ளும், 2014 மார்ச் முதல் எச்-1 பட்டியலிலும் அது இருக்கிறது.

இதை யார் வேண்டுமானாலும் எழுதித் தரலாமா? கூடாது. பதிவுபெற்ற மருத்துவர்தான் எழுத வேண்டும். போதை மீட்புக்கான இந்த மாத்திரையை மீட்பு மையங்களுக்கும், அந்த வசதியுள்ள மருத்துவமனைகளுக்கும் வழங்கவே அனுமதி. சாதாரணக் கடைக்கு இந்தச் சீட்டு வந்தாலே கேள்வி எழ வேண்டாமா?

மருந்துக்கடை வைத்திருக்கும் சகோதரர்களே! சீட்டில் மருத்துவரின் பதிவு எண், கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் அளவு இருக்கின்றனவா என்று பாருங்கள். பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் சரிபாருங்கள். சீட்டில் அச்சிட்ட தொலைபேசி எண்ணை நம்பாதீர்கள். போலிச் சீட்டு அடிப்பவன் போலி எண்ணையும் அடிப்பான். மருத்துவமனையின் எண்ணை நீங்களே தேடிப் பேசுங்கள். எச்-1 மருந்து விற்றால் மருத்துவர், நோயாளி, அளவு ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருப்பது கட்டாயம். கல்லாவில் விழும் சில நூறு ரூபாய்க்காக அமானிதத்தை விற்றுவிடாதீர்கள்!

கட்டடம் வைத்திருப்பவர்களே! மீட்பு மையம் நடத்த வாடகைக்குக் கேட்டு வந்தால், 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றைக் கேளுங்கள். காட்ட மறுத்தால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இளைஞர்களே! சந்தேகச் சீட்டோடு வருபவனுக்கு மருந்து இல்லை என்று சொல்வது கடைக்காரரின் கடமை. அவனை விரட்டாமல் அழைத்துப் போவது உங்கள் கடமை. விரட்டினால் அவன் போலியிடம்தான் போவான். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். 14446 என்ற இலவச எண்ணில் வழி கேளுங்கள். ஏற்கெனவே மருந்து எடுப்பவரைத் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள். அதையும் மருத்துவரே முடிவு செய்யட்டும்.

நம் வீட்டுப் பிள்ளை என்றால் இந்த அக்கறை வராதா? அவனும் யாரோ ஒரு தாயின் பிள்ளைதான், சகோதரர்களே!