இருபத்தொன்பது இலக்கங்களில் ஓர் எண்



நேமிசந்திர சித்தாந்தச் சக்கரவர்த்தி 10ஆம் நூற்றாண்டில் அருளிய கோம்மடசாரம், பரியாப்தி நிறைந்த மனிதரின் தொகையை 29 இலக்கங்களில் உரைக்கிறது. அவ்வெண் 79228162514264337593543950336 ஆகும்.

அது பிறக்கும் முறை எளியது. இரண்டை வர்க்கித்தால் 4. மேலும் வர்க்கிக்க 16, 256, 65536. ஐந்தாம் வர்க்கம் 4294967296. அதன் கனமே இவ்வெண். ஆகவே 2 அன்றி வேறெந்தப் பகா எண்ணும் இதனை மீதியின்றி வகுக்காது. பாதி பாதியாகக் குறைத்துச் சென்றால் 96ஆம் முறையில் 1 எஞ்சும். இவ்வாறு பாதியாக்கும் முறைகளின் எண்ணிக்கையை நம் ஆசாரியர் அர்த்தச்சேதம் என்றனர். இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கை என இக்காலக் கணிதம் கூறுவது இதுவே.

இந்த இலக்கங்களை ஒன்றாம் இடம் முதலாக எழுத்துகளில் அமைத்துக் காக்கும் பிராகிருதக் காதை ஒன்றும் அந்நூலில் உண்டு. ஏடு எழுதுவோர் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டால் என்னாகும்? அதிகம் போனால் 30 முறை பாதியாக்குவதற்குள் ஒற்றைப்படை எண் தோன்றிப் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

மனிதத் தொகை மிகப் பெரிது என்று பொதுவாகச் சொல்லிக் கடந்திருக்கலாம். ஆசாரியர் அவ்வாறு செய்யவில்லை. எவரும் சரிபார்க்கத்தக்க எண்ணாகவே வைத்துச் சென்றனர். வாய்மை விரதம் எண்ணுக்கும் உரியதன்றோ? இத்திருநாளில் இல்லந்தோறும் சிறுவர் இவ்வெண்ணைத் தாளில் எழுதிப் பாதியாக்கிப் பார்க்கட்டும். முன்னோர் காத்த இலக்கம் ஒன்றும் பிழைபடாதிருக்கட்டும்.