பேயும் நியூட்ரினோவும்: ஒரு மாணவி கேட்ட இரண்டு கேள்விகள்

(குறுவள மைய அளவில் நடந்த அறிவியல் ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மெய் என்பது எது?" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. நான் தத்துவம் படித்தவன் இல்லை. இருபது ஆண்டுகளாக அறிவியல் பாடம் எடுப்பவன். அதனால் என் வகுப்பில் நடந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பில் அணுக்கரு இயற்பியல் பாடம். பீட்டா சிதைவை நடத்தும்போது நியூட்ரினோ பற்றிச் சொன்னேன். நம் தேனி மாவட்டத்தில் இந்தச் சொல்லைக் கேட்காத பிள்ளை இல்லை. பொட்டிப்புரத்தின் பெயர் அந்த அளவுக்குச் செய்தித்தாள்களில் வந்திருக்கிறது. "கண்ணுக்குத் தெரியாது, தொட்டாலும் தெரியாது, மலையையே துளைத்துக்கொண்டு போய்விடும்" என்று கொஞ்சம் நாடகத்தோடு சொன்னேன். மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், பேயும் அப்படித்தானே? பேய் இல்லைன்னு போன வாரம் சொன்னீங்க. இது மட்டும் எப்படி இருக்குன்னு சொல்றீங்க?"

வகுப்பே சிரித்தது. என்னிடம் பதில் இல்லை. "பாடத்துல உள்ளதை மட்டும் கேளும்மா" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அதன்பிறகு ஒரு மாதம் அந்தப் பெண் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கேள்வி சரியானது, என் பதில்தான் தவறு என்பது வீட்டுக்குப் போகும் வழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பத்திரிகைகளே நியூட்ரினோவைப் 'பேய்த்துகள்' என்றுதானே எழுதுகின்றன!

பதிலைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கணக்கில் விழுந்த துண்டு

பீட்டா சிதைவில் வெளிவரும் ஆற்றலைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைத்தது. இருக்க வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதியைக் காணவில்லை. ஆற்றல் அழிவின்மை விதியையே கைவிடலாமா என்றுகூடச் சிலர் யோசித்தார்கள். 1930இல் வுல்ஃப்காங் பாலி ஒரு கடிதத்தில் வேறு வழி சொன்னார்: நமக்குத் தெரியாத ஒரு துகள் அந்த ஆற்றலை எடுத்துக்கொண்டு போகிறது. அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. வெறும் கணக்குதான்.

அந்த நிலையில் நியூட்ரினோவுக்கும் பேய்க்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றுதான் நான் சொல்வேன். வேறுபாடு பிறகு வந்தது. துகள் உண்மையானால் இன்ன இடத்தில், இன்ன கருவியில், இத்தனை முறை தடம் தெரிய வேண்டும் என்று கணக்கிட்டார்கள். 1956இல் ரெய்ன்ஸும் கோவனும் ஓர் அணு உலையின் அருகே அந்தத் தடத்தைக் கண்டார்கள். இடையில் 26 ஆண்டுகள் ஓடிவிட்டன.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1965இல் கோலார் தங்கவயலில், தரைக்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து வைத்த கருவியில் வளிமண்டல நியூட்ரினோ பதிவானது. உலகில் முதன்முதலாக அதைப் பதிவு செய்தவர்களில் அவர்களும் அடக்கம். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வேலை பார்த்த சுரங்கம் அது.

இனி என்னை மிகவும் யோசிக்க வைத்த செய்தி. அமெரிக்காவில் இன்னொரு தங்கச் சுரங்கத்தில் ரேமண்ட் டேவிஸ் சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களை எண்ணினார். எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. அவர் அதை மறைக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குறை குறையாகவே நின்றது. நியூட்ரினோவில் மூன்று வகை உண்டு, வழியிலேயே அவை ஒன்றிலிருந்து ஒன்றாக மாறுகின்றன என்று ஜப்பானிலும் கனடாவிலும் நடந்த ஆய்வுகள் காட்டிய பிறகுதான் விடை கிடைத்தது. அப்படி மாற வேண்டுமானால் அதற்கு நிறை இருந்தாக வேண்டும். நிறையே இல்லை என்று அதுவரை எழுதியிருந்ததைத் திருத்த வேண்டியதாயிற்று. 2015ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு இதற்காகத்தான் வழங்கப்பட்டது.

மாணவியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பேய்க் கதையில் கணக்கு ஒருபோதும் குறைவதில்லை. பேய் வந்தாலும் பேய் உண்டு, வராவிட்டாலும் 'இன்றைக்கு வரவில்லை' என்று சொல்லிக்கொள்ளலாம். நியூட்ரினோவுக்கு அந்தச் சலுகை கிடையாது. எண் குறைந்தால் ஏன் என்று சொல்லியாக வேண்டும். நம்புகிறவர் எண்ணினாலும் நம்பாதவர் எண்ணினாலும் அதே எண் வர வேண்டும். தவறு என்று காட்டப்படும் வாய்ப்பைத் தானே முன்வந்து ஏற்றுக்கொள்வதால்தான் அதை 'இருக்கிறது' என்கிறோம்.

நாம் பார்ப்பது எவ்வளவு?

வகுப்பில் ஒரு சிறு கணக்கு போடலாம். சூரியனிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டரில், அதாவது நம் கட்டைவிரல் நகம் அளவில், வினாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் கடந்து போகின்றன. 45 நிமிடப் பாடவேளைக்கு எத்தனை? 2,700ஆல் பெருக்கினால் சுமார் ஒன்றே முக்கால் கோடி கோடி. இரவில்? அதே அளவுதான். பூமியைத் துளைத்துக்கொண்டு நம் காலடியிலிருந்து மேலே வரும். இதைச் சொன்னதும் பிள்ளைகள் பெஞ்சுக்குக் கீழே குனிந்து பார்ப்பார்கள்.

சூரியனை விட்டு வெளியே போனால் கதை இன்னும் பெரிது. பேரண்டத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அது தொடங்கி ஒரு வினாடி ஆனபோதே கிளம்பிய நியூட்ரினோக்கள் இன்றும் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் 300க்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது கணக்கு. இவற்றை நேரடியாக இன்னும் எந்தக் கருவியும் பிடிக்கவில்லை. அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். அண்டத்தின் மொத்த ஆற்றலில் விண்மீன், கோள், மரம், மனிதர் எல்லாம் சேர்ந்து வெறும் 5 விழுக்காடு. சுமார் 27 விழுக்காடு இருள்பொருள், மீதி 68 விழுக்காடு இருள்ஆற்றல். அவை என்ன என்பது இன்னும் தெரியவில்லை. 'இருள்' என்ற பெயரே நம் அறியாமைக்கு இட்ட பெயர்தான்.

கயிறும் பாம்பும்

இந்த எண்களைச் சொன்னதும் யாராவது ஒருவர் சொல்வார்: "நம் முன்னோர் அன்றே உலகம் மாயை என்று சொல்லிவிட்டார்கள். இப்போதுதான் விஞ்ஞானம் கண்டுபிடிக்கிறது." வாட்ஸ்அப்பில் இப்படித் தினம் ஒன்று வருகிறது. அவசரப்படாமல் பார்ப்போம்.

அத்வைதம் சொல்லும் உதாரணம் நம் எல்லோருக்கும் தெரியும். மங்கிய வெளிச்சத்தில் கயிறு பாம்பாகத் தெரிகிறது. விளக்கு வந்ததும் பாம்பு இல்லை. ஆனால் பயந்தது பொய்யா? நெஞ்சு படபடத்தது பொய்யா? ஆதிசங்கரர் வழிவந்த மரபு இங்கே மூன்று படிகளைப் பிரிக்கிறது. கயிற்றில் தெரிந்த பாம்பு ஒருவருக்கு மட்டும், கொஞ்ச நேரம் மட்டும் தோன்றுவது: பிராதிபாசிகம். கயிறு எல்லோருக்கும் பொதுவான நடைமுறை உலகைச் சேர்ந்தது: வியாவகாரிகம். எந்த அறிவாலும் பின்னால் மறுக்கப்படாதது எதுவோ, அது பாரமார்த்திகம். அதைப் பிரம்மம் என்று அந்த மரபு சொல்கிறது. தமிழில் தாண்டவராய சுவாமிகளின் 'கைவல்ய நவநீதம்' இந்த வழியைப் பேசுகிறது. 1896இல் மதுரையில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே 'நான் யார்' என்ற விசாரணையில் இறங்கித் திருவண்ணாமலைக்குப் போனவர் ரமணர்.

நியூட்ரினோ எந்தப் படியில் இருக்கிறது? எவ்வளவு நுண்ணியதானாலும் அது கருவிக்கு முன் நிற்கும் ஒரு பொருள். இருள்ஆற்றலும் அப்படியே. எனவே இரண்டும் வியாவகாரிகப் படியில்தான் இருக்கின்றன. அத்வைதம் கேட்பது பார்க்கப்படும் பொருளைப் பற்றி அன்று, பார்ப்பவரைப் பற்றி. அந்தக் கேள்விக்கு 50,000 டன் காந்தமும் விடை தராது. ஆகவே நியூட்ரினோ அத்வைதத்தை மெய்ப்பிக்கவும் இல்லை, பொய்ப்பிக்கவும் இல்லை. இரண்டையும் ஒட்டுப்போட்டால் இரண்டுக்கும் மரியாதை இல்லை.

நம் மண்ணில் எல்லோரும் அத்வைதத்தை ஏற்றார்கள் என்றும் சொல்ல முடியாது. மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை அடிப்படையாகக் கொண்ட சைவ சித்தாந்தம் உலகை உள்பொருள் என்றே வாதிட்டது. மணிமேகலையோ வஞ்சி நகரில் வைதிகர் முதல் பூதவாதி வரை பல சமயக் கணக்கர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டாள். யாரையும் வாயை மூடச் சொல்லவில்லை. வகுப்பில் நான் செய்யத் தவறியது அதைத்தான்.

இரண்டாவது கேள்வி

ஒரு மாதம் கழித்து அந்த மாணவியின் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, இவ்வளவையும் ஒரு பாடவேளையில் சொன்னேன். பொட்டிப்புரத்து அம்பரப்பர் மலையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் விளக்கினேன். வானிலிருந்து பொழியும் மற்றத் துகள்கள் கருவியைக் குழப்பும். எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை இருந்தால் அது சல்லடைபோல் அவற்றைத் தடுக்கும், நியூட்ரினோவை மட்டும் உள்ளே விடும். அதனால்தான் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதன் முடிவில் 50,000 டன் இரும்புக் காந்தக் கருவி என்று திட்டம் போட்டார்கள். 2015 தொடக்கத்தில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்தது. "நியூட்ரினோ யாரையும் ஒன்றும் செய்யாது" என்று நிம்மதியாக முடித்தேன்.

அவள் மறுபடியும் எழுந்தாள். "நியூட்ரினோ ஒண்ணும் செய்யாது சார். மலையைக் குடைஞ்சா எங்க தாத்தா ஆடு எங்க மேயும்? கிணத்துல தண்ணி நிக்குமா?"

இந்த முறை வகுப்பு சிரிக்கவில்லை. நானும் உட்காரச் சொல்லவில்லை. "இது நியாயமான கேள்வி, எனக்கு விடை தெரியாது" என்று சொன்னேன்.

கண்ணுக்குத் தெரியாததையே பேசிப் பேசி, கண்ணெதிரே இருப்பதை நான் விட்டுவிட்டேன். மானாவாரிக் காடும் மேய்ச்சலும் நம்பி வாழும் ஊருக்கு அந்த மலை ஒரு சல்லடை மட்டும் இல்லை. உலகம் மாயை என்று பேசுகிற மரபுகூட நடைமுறை உலகை அதன் படியில் மறுப்பதில்லை. பசித்தவரிடம் பசி தோற்றம் என்று சொல்வது அத்வைதம் ஆகாது, கல்நெஞ்சம்தான். அதுபோல, துகள் தீங்கற்றது என்பது வெடிவைப்பு, தூசி, நீர், காடு பற்றிய கேள்விகளுக்குப் பதிலாகாது. அவற்றுக்கும் தனியாக அளந்து, எண்ணி, எல்லோரும் சரிபார்க்கும்படி விடை சொல்ல வேண்டும். ஆய்வகம் வேண்டும் என்பவர்களுக்கும் வலுவான காரணங்கள் உண்டு. அடிப்படை ஆராய்ச்சி இல்லாமல் ஒரு நாட்டின் அறிவு வளராது. மேற்குத் தொடர்ச்சி மலையையும் அங்குள்ள புலிகளின் வழித்தடத்தையும் காட்டி, 2022இல் தமிழ்நாடு அரசு இத்திட்டத்தை அனுமதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இரு பக்கமும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

வகுப்புக்கு மூன்று குறிப்புகள்

முதலாவது, 'இது எப்படித் தெரியும்?' என்ற கேள்விக்கு 'புத்தகத்தில் இருக்கிறது' என்று பதில் சொல்லாதீர்கள். இது தவறாக இருந்தால் எப்படித் தெரிந்திருக்கும் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தத்துவத்தையும் அறிவியலையும் ஒன்றுக்கு ஒன்று சாட்சியாக நிறுத்தாதீர்கள். இரண்டின் கேள்விகளும் வேறு. முதல் தோற்றத்தோடு நின்றுவிடக் கூடாது என்ற பிடிவாதம் மட்டும் இரண்டுக்கும் பொது.

மூன்றாவது, 'மெய்' என்ற சொல்லுக்குத் தமிழில் உண்மை என்றும் பொருள், உடம்பு என்றும் பொருள். உண்மையைப் பற்றிப் பேசும்போது பசியும் தாகமும் உள்ள உடம்பை மறந்துவிடக் கூடாது என்று அந்தச் சொல்லைக் கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

அந்த மாணவி பிறகு கல்லூரியில் சேர்ந்தாள். இயற்பியல் இல்லை, வணிகவியல். போன பொங்கலுக்குக் கடைவீதியில் பார்த்தேன். "சார், இப்பவாவது உங்க நியூட்ரினோ எடை எவ்வளவுன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். "இன்னும் இல்லம்மா, தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றேன். தெரியாது என்று சொல்ல எனக்கு இப்போது வெட்கமாக இல்லை.