குளிசையை நிறுத்துமுன் சொல்லுங்கள்

(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு வந்தவளிடம் "இனிச் சுகம்தானே?" என்று எல்லோரும் கேட்பார்கள். அவளும் "ஓம்" என்பாள். ஆனால் எங்களில் பலருக்கு அதற்குப் பிறகும் நாளுக்கொரு குளிசை இருக்கிறது. ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். எனக்கு இது நான்காவது வருடம்.

மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரஜன் என்னும் ஓமோனின் துணையோடு வளர்பவை. தமொக்சிபென் அந்த ஓமோன் புற்றுநோய்க் கலத்தில் சென்று சேராமல் மறிக்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்குக் கொடுக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்றவை உடலில் ஈஸ்ட்ரஜன் உருவாவதையே குறைக்கின்றன. தமொக்சிபெனை 1962இல் முதன்முதலாக ஆக்கியவர் டோரா ரிச்சட்சன் என்ற பெண் இரசாயனவியலாளர். ஓமோனால் வளரும் வகை நோயுள்ளவர்கள் அதை ஐந்து வருடம் எடுத்தால், அந்நோயால் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

இவ்வளவு பெறுமதியான குளிசையைப் பலர் இடைநடுவில் விட்டுவிடுகிறார்கள். காரணம் பக்கவிளைவுகள். அதைவிடப் பெரிய காரணம், அவற்றை வெளியே சொல்லக் கூச்சம்.

திடீரென்று உடம்பெல்லாம் வெக்கை எடுக்கும், இரவில் வியர்த்துக் கொட்டும். மெல்லிய பருத்தி உடுப்பு, படுக்கையருகே தண்ணீர், காற்றாடி ஆகியவை உதவும். சூடான தேநீரோ உறைப்போ அதைத் தூண்டுகிறதா என்று கவனியுங்கள். தாங்க முடியாவிட்டால் அதற்கும் மருந்து உண்டு. ஆனால் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பரொக்செடின், புளுவொக்செடின் போன்றவை தமொக்சிபெனின் வேலையைக் குறைக்கக்கூடும். ஆகவே எந்த வைத்தியரிடம் போனாலும் என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

லெட்ரோசோல் வகை எடுப்பவர்களுக்குக் காலையில் விரல் மடக்க முடியாது, முழங்கால் நோகும். நோகிறதென்று படுத்திருந்தால் இறுக்கம் கூடும். ஒழுங்காக நடப்பதும் உடற்பயிற்சியும் நோவைக் குறைக்கும். இந்த வகைக் குளிசை எலும்பையும் மெலியச் செய்யும். எலும்பின் அடர்த்தியைப் பரிசோதிப்பது பற்றியும் கல்சியம், விற்றமின் டி பற்றியும் கிளினிக்கில் கேளுங்கள்.

அடுத்தது, நாங்கள் தாயிடமும் சொல்லாத விசயம். பெண்ணுறுப்பில் வறட்சியும் உறவின்போது நோவும். இது மருந்தின் விளைவு. உங்கள் மனக்குறையோ அன்புக்குறையோ அல்ல. கணவருக்கும் அதை விளங்கப்படுத்துங்கள். ஓமோன் கலக்காத ஈரப்பதக் களிம்புகள் உண்டு. ஓமோன் கலந்தவற்றை வைத்தியரைக் கேளாமல் பாவிக்க வேண்டாம்.

சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. தமொக்சிபென் எடுக்கும்போது, மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டாலோ, ஒரு கால் வீங்கி நொந்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

தாங்க முடியவில்லை என்று சொன்னால் வைத்தியர் வேறு குளிசைக்கு மாற்றலாம், சில வாரங்கள் இடைவெளி தரலாம். சொல்லாமல் நிறுத்தினால் அவரால் எதுவும் செய்ய முடியாது.

உலகெங்கும் இருக்கும் எங்கள் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி இந்தக் குளிசை எடுத்தால், "சுகமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "குளிசை ஒத்துக்கொள்ளுதா? இரவு நித்திரை வருதா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால்தான் வாய் திறப்போம்.