சிசில் கோர்ட் புத்தகக் கடையில்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



'என்னைக் கவர்ந்த நூல்கள்' என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். செயலாளர் இலக்கியத்தை எதிர்பார்த்திருப்பார். நான் பேசப்போவது பேய், பில்லி சூனியம், மந்திரவாதி சமாச்சாரம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1972-ல் நாங்கள் கல்லூரிச் சுற்றுலாவாகச் சென்னை போயிருந்தோம். 1985-ல் எரிந்து போன மூர் மார்க்கெட்டை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி, இரண்டு ரூபாய்க்கு டென்னிஸ் வீட்லியின் 'தி டெவில் ரைட்ஸ் அவுட்' நாவலை வாங்கினேன். 1934-ல் வந்த கதை. சாத்தானை வழிபடும் ஒரு கூட்டத்திலிருந்து நண்பனை மீட்கும் கதை. தான் எந்த மந்திரச் சடங்கிலும் கலந்துகொண்டதே இல்லை, வாசகரும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று ஆசிரியரே முன்குறிப்பு எழுதியிருந்தார். போகாதே என்றால் போகாமல் இருப்போமா! விடுதியில் ஒரே அடிபிடி. கடைசியில் புத்தகத்தை மூன்றாகக் கிழித்துச் சுற்றுக்கு விட்டோம். சாக்பீஸால் வட்டம் போட்டு, ராத்திரி முழுக்க அதற்குள் உட்கார்ந்து துஷ்ட சக்தியை எதிர்க்கும் கட்டம் வரைக்கும் வந்துவிட்டேன். மூன்றாம் பகுதி போன இடம் தெரியவில்லை. யாரிடம் போனது என்பது இப்போது முதல் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறவருக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன்.

இது விளையாட்டு. இனிச் சொல்லப்போவது விளையாட்டில்லை.

2014-ல் என் மகள் லண்டனில் வேலையில் இருந்தாள். அவள் அனுப்பிய போட்டோ ஒன்றில், மேசைமேல் எரிகிற மெழுகுவர்த்தியும் பக்கத்தில் அட்டையில் 'விட்ச்' என்று போட்ட புத்தகமும் இருந்தன. என் மனைவி அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க, பிள்ளைக்கு யாரோ என்னமோ பண்ணிட்டாங்க" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். நான் தைரியசாலி மாதிரிப் பேசினேனே தவிர, எனக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. பணி ஓய்வுப் பணத்தில் டிக்கெட் எடுத்துப் போய் இறங்கினேன்.

மகள் மறைக்கவில்லை. "நான் பேகன் வழிபாட்டுக் குழு ஒண்ணுக்குப் போறேன்ப்பா" என்றாள். கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தெய்வங்களையும் பருவங்களையும் வணங்குகிறவர்கள் இவர்கள். பேகன் என்பதன் லத்தீன் மூலத்துக்குக் கிராமத்தான் என்று ஒரு பொருள் உண்டு. திட்டாகச் சொன்னதையே இவர்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 74,000 பேர் தம் மதம் அதுதான் என்று எழுதியிருக்கிறார்கள்.

"புத்தகம் வாங்கப் போறேன், நீங்களும் வாங்க" என்றாள். போனேன். மகள் எந்தக் கிணற்றில் விழுகிறாள் என்று எட்டிப் பார்க்க வேண்டாமா?

சேரிங் கிராஸ் ரோட்டிலிருந்து பிரியும் சிசில் கோர்ட் என்ற சந்து. இரண்டு பக்கமும் பழைய புத்தகக் கடைகள். அதிலே வாட்கின்ஸ் என்ற கடை 1901-லிருந்து அங்கே இருக்கிறது. அதைத் தொடங்கிய ஜான் வாட்கின்ஸ், பிளாவட்ஸ்கி அம்மையாரின் நண்பர். ஆமாம், நம் அடையாறு தியசாபிகல் சொசைட்டி பிளாவட்ஸ்கிதான். மண்டையோடும் சாம்பிராணிப் புகையுமாக இருக்கும் என்று நினைத்துப் போன எனக்கு, உள்ளே உபநிஷத்தும் தாவோவும் அலமாரியில் இருப்பதைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது. அங்கிருந்து பிரிட்டிஷ் மியூசியம் பக்கத்தில் மியூசியம் ஸ்ட்ரீட்டில் இருக்கும் அட்லாண்டிஸ் கடைக்குப் போனோம். இது 1922-ல் தொடங்கியது, சின்னக் கடைதான்.

அங்கே கேட்ட சங்கதிதான் இந்த உரைக்கே காரணம். இந்த வழிபாட்டில் பெரிய பிரிவு விக்கா. அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர், 1884-ல் பிறந்த ஆங்கிலேயர். இலங்கையில் தேயிலைத் தோட்டத்திலும் மலேயாவில் ரப்பர்த் தோட்டத்திலும் இருந்துவிட்டு, அங்கேயே சுங்க அதிகாரியாகவும் வேலை பார்த்தவர். அந்தத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள் யாரென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர் திரும்பிய பிறகு, பழைய சூனியக்காரிகளின் மதம் இன்னும் உயிரோடிருக்கிறது, தான் அதில் சேர்க்கப்பட்டேன் என்றார். ஆனால் அப்போது இங்கிலாந்தில் 1735-ம் வருஷத்துச் சூனியச் சட்டம் அமலில் இருந்தது. ஆகவே 1949-ல் தமக்குத் தெரிந்த சடங்குகளை ஒரு நாவலுக்குள் வைத்தார். 'ஹை மேஜிக்ஸ் எய்ட்' என்ற அந்தக் கதையை வெளியிட்டது இதே அட்லாண்டிஸ் கடைக்காரர். 1951-ல் சட்டம் நீங்கியது. 1954-ல்தான் 'விட்ச்கிராஃப்ட் டுடே' என்று வெளிப்படையாகவே எழுதினார். ஒரு மதத்தின் சடங்கு முதலில் கதைப் புத்தகமாக அச்சேறியிருக்கிறது, பாருங்கள்!

அன்று சாயங்காலம் மகள் ஒரு தடித்த புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். பிரிஸ்டல் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1999-ல் எழுதிய 'தி ட்ரயம்ப் ஆஃப் தி மூன்'. மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். சூனியக்காரிகள் என்று ஐரோப்பாவில் கொல்லப்பட்டவர்கள் ஒரு பழைய மதத்தைச் சேர்ந்தவர்கள் என்று மார்கரெட் மரே 1921-ல் எழுதியதற்கு ஆதாரம் நிற்கவில்லை. இன்றைய பேகன் மாந்திரீகம், கவிஞர்களும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்களும் ரகசியச் சங்கங்களும் விட்டுச்சென்ற சரக்கிலிருந்து இங்கிலாந்திலேயே உருவானது என்கிறார் அவர்.

எனக்கோ வக்கீலுக்குச் சாட்சி கிடைத்த சந்தோஷம். காலையில் காப்பிகூடக் குடிக்காமல், "பாத்தியா, எல்லாம் நேத்திக்குக் கட்டுன கதை. இதுக்கா மெழுகுவத்தி ஏத்துறே?" என்றேன்.

அவள் சிரித்தாள். "அப்பா, அந்தப் புத்தகத்த ஒங்களுக்கு எடுத்துக் குடுத்ததே நான்தானே? எங்க குழுவுல நெறையப் பேரு அதைப் படிச்சவங்கதான்."

பிறகு, "நம்ம ஊரு அய்யனாரு கோயில் மண்குதிரை எந்த வருஷத்துது?" என்றாள்.

"போன புரவி எடுப்புக்கு வேளார் செஞ்சது. ரெண்டு வருஷமிருக்கும்."

"அதுக்கு முன்னாடி நீங்க கையெடுத்துக் கும்பிட்டீங்கல்ல?"

நான் காப்பியை எடுத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அப்புறம் நாங்கள் சண்டை போடவில்லை. கதைப் புத்தகங்களைப் பற்றித்தான் பேசினோம். அவள் எனக்குத் தந்தது உர்சுலா லெ குவின் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ', 1968. ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால் அதன்மேல் அதிகாரம் வந்துவிடும் என்பதுதான் அங்கே மந்திரம். ஒரு பையன் திமிரால் ஒரு நிழலை அவிழ்த்துவிட்டு, அதற்குப் பயந்து தீவு தீவாக ஓடுகிறான். ஓடிக் களைத்தபின் திரும்பி நின்று அதையே துரத்துகிறான். மாணவர்கள் ஒன்று படிப்பதானால் இதைப் படியுங்கள், சின்னப் புத்தகம். சூசன்னா கிளார்க்கின் 'ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நோரல்' (2004) தலையணை கனம். மந்திரத்தைப் படிப்பதோடு சரி, செய்வதில்லை என்றிருக்கும் கனவான்களோடு அது தொடங்கும். நம் கல்லூரிப் பேராசிரியர்கள் சிலர் நினைவுக்கு வந்தார்கள், அதைச் சொல்லக்கூடாது. டெர்ரி பிராட்செட்டின் சூனியக்காரிக் கிழவி கிரானி வெதர்வாக்ஸ், 1987-ல் 'ஈக்வல் ரைட்ஸ்' நாவலில் முதலில் வருகிறாள். மந்திரத்தைவிட ஆளை எடைபோடும் கண்தான் அவளுக்குப் பலம். என் அப்பத்தாவேதான்! வீட்லியை மட்டும் மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "பேகன்னா சாத்தான் கும்பல்னு ஆயிரம் பேரை நம்ப வெச்சது இந்த மாதிரிப் புத்தகந்தான்ப்பா" என்றாள். அவள் சொன்னது சரி. நான் டிக்கெட் எடுத்து ஓடியதே 1972-ல் படித்த அந்த இரண்டு பகுதிகளால்தானே.

கடையில் புத்தகம் வாங்குகிறவர்களுக்கு அவள் சொன்ன யோசனை ஒன்று. அட்டையில் 'பழமையான ரகசியம்' என்று போட்டிருந்தால், முதலில் பதிப்பு ஆண்டைப் பார், பிறகு எங்கிருந்து எடுத்தேன் என்று ஆசிரியர் சொல்கிறாரா பார். நம் ஊர் மாந்திரீகப் புத்தகங்களுக்கும் இது பொருந்தும்.

அக்டோபர் 31 ராத்திரி செத்தவர்களை நினைக்கும் நாள் அவர்களுக்கு. நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் அது வந்தது. என் அம்மா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தியும், ஒரு தட்டில் இரண்டு இட்லியும் வைத்திருந்தாள். அவளாக ஆட்டிச் செய்த மாவு. எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு நான் அம்மாவுக்கு ஒன்றும் செய்யவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஊருக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "பிள்ளை நல்லா இருக்கா. மாவு ஆட்டுறா" என்றேன்.

வீட்லியின் முழுப் பிரதி ஒன்றும் அங்கேயே வாங்கிவிட்டேன். நாற்பத்திரண்டு வருஷம் கழித்துக் கதை முடிவு தெரிந்தது, அவ்வளவு பிரமாதமில்லை. அதையும் எர்த்ஸீயையும் கையோடு கொண்டுவந்திருக்கிறேன், நூலகத்துக்குக் கொடுக்க. முதல் வரிசை நண்பர் மூன்றாம் பகுதியைத் திருப்பித் தருவதானாலும் வாங்கிக்கொள்கிறேன்.