கிள்ளான் துறைமுகத்தில் கைதாகி நின்ற கப்பல்



2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 7ஆம் தேதி, போர்ட் கிள்ளானை அடுத்த பூலாவ் இண்டாவில் உள்ள பயணக் கப்பல் நிலையத்துக்கு ஓர் ஆடம்பரக் கப்பல் வந்து சேர்ந்தது. அங்கிருந்து சிறிது தூரத்தில்தான் கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்கள். சரக்குக் கப்பல்களையும் எண்ணெய்க் கப்பல்களையும் பார்த்துப் பழகிய அந்த வட்டாரத்துக்கு இது புதுமாதிரியான கப்பல். சரக்கு ஏற்ற இடமில்லை. பயணச்சீட்டு விற்கும் கப்பலுமில்லை. ஒரே ஒரு முதலாளியும் அவருடைய விருந்தினர்களும் கடலில் பொழுதைப் போக்குவதற்காகக் கட்டப்பட்டது. நீளம் 91.5 மீட்டர், ஒரு பந்துத் திடலின் நீளத்துக்குச் சற்றுக் குறைவு. பெயர் ஈக்குவானிமிட்டி. எது நேர்ந்தாலும் கலங்காத மனநிலை என்பது அந்தச் சொல்லின் பொருள்.

அந்தக் கப்பலைப் பற்றிய செய்தியை நீங்கள் அப்போது பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். இப்படிப்பட்ட கப்பலை எப்படிக் கட்டுகிறார்கள், அது யாருக்குச் சொந்தம் என்பதை ஏன் எளிதில் கண்டுபிடிக்க முடிவதில்லை, அதைக் கட்டிக் காப்பதற்கு என்ன செலவாகிறது என்பவற்றை இன்றைய உரையில் சொல்லப் போகிறேன்.

முதலில் கட்டும் விதம். ஆங்கிலத்தில் இத்தகைய உல்லாசக் கப்பலை 'யாட்' என்பார்கள். அது டச்சுக்காரர்களின் சொல். வேட்டை என்று பொருள். கடற்கொள்ளைக்காரர்களை விரட்டிப் பிடிக்க அவர்கள் வைத்திருந்த வேகமான சிறு கப்பல்களுக்கு அந்தப் பெயர் வழங்கியது. 1660ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு டச்சுக்காரர்கள் அப்படி ஒரு கப்பலைப் பரிசாகக் கொடுத்தார்கள். விரட்டிப் பிடிக்கும் கப்பல் விளையாட்டுக் கப்பலானது அந்தக் காலத்தில்தான். இன்றும் உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் ஹாலந்து, ஜெர்மனி, இத்தாலி ஆகிய நாடுகளிலேயே கட்டப்படுகின்றன. ஈக்குவானிமிட்டியும் ஹாலந்து நாட்டில், ரோட்டர்டாம் நகருக்கு அருகே அல்பிளாசர்டாம் என்னும் ஊரில் உள்ள ஓஷன்கோ தளத்தில் உருவாகி, 2014ஆம் ஆண்டில் முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்டது.

இத்தகைய கப்பலின் அடிப்பகுதி உருக்கினால் ஆனது. மேலே உள்ள அடுக்குகள் அலுமினியத்தால் ஆனவை. காரணம் எளிது. செம்பனைக் குலைகளை லோரியில் அளவுக்கு மேல் உயரமாக அடுக்கினால் வளைவில் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கனம் கீழே இருக்க வேண்டும். மேலே ஏற ஏற இலேசாக இருக்க வேண்டும். கப்பலுக்கும் அதே கணக்குத்தான். அலையில் கப்பல் ஆடாதிருக்க, நீருக்கடியில் மீனின் துடுப்பைப் போன்ற அசையும் தகடுகள் இரு பக்கமும் உண்டு. பழைய கப்பல்களில் ஓடும்போது மட்டுமே அவை பயன்படும். உல்லாசக் கப்பலோ பெரும்பாலும் நங்கூரம் போட்டு நிற்பது; ஆகவே நின்ற இடத்திலும் தகடுகள் அசைந்து ஆட்டத்தை அடக்குமாறு செய்திருக்கிறார்கள். முதலாளியின் கோப்பையில் உள்ள பானம் சிந்தக்கூடாது அல்லவா!

வெளிப்புறம் கண்ணாடிபோல் பளபளக்கிறதே, அது கைவேலை. உருக்குத் தகடுகளைப் பற்றவைத்தால் மேடும் பள்ளமும் இருக்கும். அதன்மேல் ஒருவகைப் பசையைப் பூசி, நீண்ட பலகையில் உப்புத்தாளைச் சுற்றி, ஆட்கள் வரிசையாக நின்று தேய்க்கிறார்கள். மறுபடி பூச்சு, மறுபடி தேய்ப்பு. பல மாதங்கள் இந்த ஒரே வேலை. சரக்குக் கப்பலுக்கு இது எதுவும் தேவையில்லை. துருப்பிடிக்காமல் ஒரு வண்ணம் பூசினால் போதும்.

உள்ளமைப்பில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இந்தக் கப்பலில் நீச்சல் குளமும், ஹெலிகாப்டர் இறங்கும் தளமும் உண்டு. விருந்தினர் இருபது பேருக்கு மேல் தங்கலாம். அவர்களுக்குப் பணிவிடை செய்ய முப்பது பேரளவில் மாலுமிகளும் பணியாளர்களும் உண்டு. அத்தனை பேரும் ஒரே கப்பலில் இருந்தும், பணியாளர்கள் விருந்தினர் கண்ணில் படாமல் நடமாட வேண்டும் என்பது வரைபடம் போடுகிறவர்களின் முதல் கவலை. தனிப் படிக்கட்டு, தனி நடைவழி, சாப்பாட்டை மேலே அனுப்பத் தனி மின்தூக்கி. துரை பங்களாவில் சமையல்காரருக்கும் ஆயாவுக்கும் பின்வாசல் இருந்ததே, அதே ஏற்பாடுதான். பங்களா இங்கே மிதக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

இனிச் செலவு. ஈக்குவானிமிட்டியின் விலை ஏறத்தாழ 250 மில்லியன் அமெரிக்க டாலர். நம் கணக்கில் 100 கோடி வெள்ளி அளவில். விலை கொடுத்ததோடு செலவு தீர்ந்துவிடுவதில்லை. வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்கு வேண்டும் என்பது இந்தத் துறையில் பொதுவாகப் புழங்கும் கணக்கு. அது கப்பலுக்குக் கப்பல் கூடும், குறையும். பத்தில் ஒன்று என்றே வைத்துப் பாருங்கள்: ஆண்டுக்கு 25 மில்லியன் டாலர், ஒரு நாளைக்கு 68,000 டாலருக்கு மேல். முதலாளி கப்பலில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் இந்தச் செலவு நிற்காது. மின்னாக்கி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்சாதனத்தை நிறுத்தினால் மரவேலைகளும் மெத்தைகளும் பூஞ்சணம் பிடித்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் சொல்ல வேண்டுமா? சம்பளம், காப்புறுதி, துறைமுகக் கட்டணம், எண்ணெய் என்று கப்பல் தின்றுகொண்டே இருக்கும். வீடு, நிலம் வாங்கியவன் சும்மா இருந்தாலும் விலை ஏறலாம். கப்பலுக்கு நாள் ஏற ஏற விலை இறக்கந்தான்.

சரி, இந்தக் கப்பல் யாருடையது? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

நம்மில் சிலர் லோரி வாங்கி, அதன் கிராண்டை மைத்துனன் பெயரில் வைப்பதுண்டு. ஓட்டுகிறவர் ஒருவர், காகிதத்தில் உள்ளவர் வேறொருவர். பெரிய உல்லாசக் கப்பல்களிலும் ஏறக்குறைய இதே வழக்கம். மைத்துனனுக்குப் பதிலாக ஒரு நிறுவனம். ஈக்குவானிமிட்டி கரிபியன் கடலில் பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட கேமன் தீவுகளில் பதிவானது. அதன் சொந்தக்காரராகக் காகிதத்தில் இருந்ததும் அங்கே பதிவான ஒரு நிறுவனமே. அந்த நிறுவனத்துக்கு மேல் இன்னொரு நிறுவனம், அதற்கும் மேல் மற்றொன்று என்று அடுக்கிக்கொண்டு போகலாம். இதில் எல்லாமே மோசடி என்று சொல்லிவிட முடியாது. வரி, கடன், காப்புறுதி இவற்றுக்காகச் சட்டப்படி இப்படிச் செய்கிற செல்வந்தர்கள் பலர் உண்டு. ஆனால் கள்ளப் பணத்தை ஒளிக்க நினைப்பவருக்கும் அதே கதவு திறந்திருக்கிறது.

அமெரிக்க நீதித் துறை 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில், இந்தக் கப்பலின் உண்மையான முதலாளி பினாங்கைச் சேர்ந்த வணிகர் ஜோ லோ என்றும், வாங்கிய பணம் நம் நாட்டு அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியிலிருந்து திருப்பிவிடப்பட்டது என்றும் கூறியது. அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். 2019ஆம் ஆண்டு அக்டோபரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, பல சொத்துகள் மீதான உரிமையை விட்டுக்கொடுத்து அமெரிக்க அரசாங்கத்துடன் வழக்கை முடித்துக்கொண்டார்.

1எம்டிபியின் பணம் நமக்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுக்கும் நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 2009ஆம் ஆண்டில் அந்த நிறுவனம் வாங்கிய முதல் 500 கோடி வெள்ளிக் கடனுக்கு ஜாமீன் நின்றது நம் மத்திய அரசாங்கம். முப்பது ஆண்டுக் கடன். இன்று தோட்டத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பெரியவர்களாகி வரி கட்டும் காலத்திலும், 2039 வரை, அந்தக் கடன் இருக்கும்.

2018ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி, இந்தோனேசியாவின் பாலித் தீவில் பெனோவா துறைமுகத்தில் அந்நாட்டுக் காவல் துறையினர் கப்பலைப் பிடித்தார்கள். ஏப்ரலில் ஜகார்த்தா நீதிமன்றம் அது முறையான பறிமுதல் அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. மே மாதம் நம் நாட்டில் பொதுத் தேர்தலில் ஆட்சி மாறியது. அதன் பிறகு இரண்டு அரசாங்கங்களும் பேசி, ஆகஸ்டில் கப்பல் நம்மிடம் வந்தது. அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் நேரில் ஏறிப் பார்த்தார்.

கப்பல் வந்துவிட்டது. ஆனால் முதலாளி எங்கேயோ, அவருடைய நிறுவனம் எங்கேயோ. வழக்கை யார்மேல் போடுவது? கடல் சட்டத்தில் இதற்கு மிகப் பழைய ஒரு வழி இருக்கிறது. ஆளைத் தேட வேண்டாம். கப்பலையே பிரதிவாதியாக்கலாம்! கடலோடிகளும் வணிகர்களும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்ட வழி இது. முதலாளி தூரதேசத்தில் இருப்பான், கப்பல்தான் கைக்கு எட்டும். ஆகவே கடன்பட்டது கப்பலே என்று வைத்து, நீதிமன்ற அதிகாரி கப்பலில் ஏறி ஆணையை ஒட்டுகிறார். அதற்குப் பெயரே கைது. அதன் பின் நீதிமன்றம் விடுவித்தாலன்றிக் கப்பல் நகரக்கூடாது. கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் ஈக்குவானிமிட்டிக்கு நடந்தது இதுவே. காகிதத்தில் சொந்தக்காரராக இருந்த நிறுவனத்தின் சார்பில் எவரும் முன்வந்து வழக்காடவில்லை.

இந்தச் சட்டத்தில் உழைப்பாளிகள் அறிய வேண்டிய ஒன்று உண்டு. கைதான கப்பலை நீதிமன்றம் விற்றால், அதைக் காவல் காத்த செலவு முதலில் கழிகிறது. அடுத்துக் கையை நீட்டும் உரிமை யாருக்கு? கப்பலை ஈடாக வைத்துக் கோடி கோடியாய்க் கடன் கொடுத்த வங்கிக்கா? இல்லை. மாலுமியின் பாக்கிச் சம்பளம் வங்கிக்கு முன்னே நிற்கிறது. தட்டுக் கழுவியவர், தளம் துடைத்தவர், எண்ணெய் போட்டவர் எல்லாரும் வங்கியைத் தாண்டி வரிசையில் நிற்கலாம். நடுக்கடலில் வேலையை விட்டுப் போக முடியாதவனின் கூலிக்குக் கப்பலே ஜாமீன் என்பது இதன் கருத்து.

கரையிலும் இதைப் போன்ற ஏற்பாடு நமக்கு இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. நம் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 31ஆம் பிரிவைச் சொல்கிறேன். ஈடு வைத்த தோட்டத்தைக் கடனுக்காக நீதிமன்றத்தின் வழி விற்கும்போது, அங்கே வேலை செய்தவர்களின் சம்பளப் பாக்கியை, நான்கு மாதச் சம்பளம் வரை, கடன்காரருக்கு முன்னதாகக் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்கிறது அது. தோட்டம் கைமாறும் பேச்சு அடிபடும் இடங்களில், சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி வையுங்கள். பாக்கி எவ்வளவு என்பதற்கு அதுவே சாட்சி. சந்தேகமிருந்தால் தொழிற்சங்கத்திலோ தொழிலாளர் இலாகாவிலோ கேட்கலாம்.

கப்பலுக்குத் திரும்புவோம். அதைக் கட்டிப்போட்டு வைத்திருந்த காலத்திலும் செலவு நிற்கவில்லை. ஆகவே சீக்கிரம் விற்க வேண்டிய கட்டாயம். முதல் சுற்றில் தகுந்த விலை அமையவில்லை. உலகில் இதை வாங்கக்கூடியவர்கள் சில நூறு பேர். அவர்களில் பலர் தமக்கென்று வரைந்து புதிதாகக் கட்டிக்கொள்ளவே விரும்புவார்கள். அண்மையில் அதே ஓஷன்கோ தளத்தில் 127 மீட்டர் நீளத்தில் அமெரிக்கச் செல்வந்தர் ஜெஃப் பெசோசுக்கு ஒரு பாய்மரக் கப்பல் கட்டினார்கள். அதன் பாய்மரங்கள் வெளியேற வேண்டி, ரோட்டர்டாமின் பழைய பாலம் ஒன்றின் நடுப்பகுதியைக் கழற்றலாமா என்று 2022இல் பேச்சு எழுந்தது. ஊர் மக்கள் கொதித்தெழ, அந்த யோசனை கைவிடப்பட்டது. அப்படிப்பட்டவர்கள் மற்றொருவரின் பழைய கப்பலை, அதுவும் வழக்கில் மாட்டியதை, எளிதில் விலை கேட்பார்களா?

கடைசியில் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கெந்திங் மலேசியா நிறுவனம் 126 மில்லியன் டாலருக்கு அதை வாங்கியது. ஏறத்தாழ 51 கோடியே 40 லட்சம் வெள்ளி. ஐந்தே ஆண்டில் விலை பாதியாகிவிட்டது. அந்த ஆண்டில் நம் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,100 வெள்ளி. விற்ற விலையை ஒருவர் அந்தச் சம்பளத்தில், ஒரு காசும் செலவழிக்காமல் சேர்ப்பதென்றால், ஏறக்குறைய 39,000 ஆண்டுகள் ஆகும். பிள்ளைகள் பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு சரிபார்க்கலாம்.

புதிய முதலாளிகள் கப்பலுக்கு டிராங்க்விலிட்டி என்று பெயர் மாற்றினார்கள். அமைதி என்று பொருள். பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் கருத்தில் அதிக தூரமில்லை. விற்ற பணம் கருவூலத்துக்கு வந்தது, 250இல் 126. மீதி 124 மில்லியன் டாலர் எண்ணெயாகவும் பளபளப்பாகவும் கடலோடு போயிற்று.